கலைச்சொல் தேவை: மூழ்குகலமா, குளிகலமா, சுழியோடு கலமா?

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான அறிவியல் துணைநூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். 2023 ஜூன் 18 அன்று, வட அட்லாண்டிக்கில் டைட்டானிக்கின் சிதைவை நோக்கி ஐவருடன் இறங்கிய டைட்டன் என்னும் சிறு கலம் தொடர்பிழந்ததும், அடுத்த நான்கு நாள் நடந்த தேடலும் அதில் ஒரு பாடம். மூலநூல் சப்மரின், சப்மெர்சிபிள் என்னும் இரண்டையும் கவனமாகப் பிரித்து ஆள்கிறது. முன்னதற்கு நீர்மூழ்கிக் கப்பல் என்பது நிலைபெற்றுவிட்டது. பின்னதற்கும் அதையே எழுதினால், உள்ளே இருந்தவர்கள் ஏன் வானொலியில் உதவி கேட்கவில்லை, கலம் ஏன் தானே கரை திரும்பவில்லை என்று கேட்கும் மாணவருக்குப் பாடம் விடை சொல்லாமல் போய்விடும். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நல்ல சொல் ஒன்று தந்து உதவுங்கள்.

கடற்பொறியாளர், பள்ளிக்கரணை:

அம்மா, நீங்கள் தொட்டிருக்கும் வேறுபாடு மீட்புப்பணியின் அடிப்படையாகும். நீர்மூழ்கிக் கப்பல் தானே துறைமுகத்திலிருந்து புறப்பட்டுத் தானே திரும்பும். மேற்பரப்பை அண்டி வந்தால் அலைவாங்கியை உயர்த்திப் பேசும். டைட்டனோ போலார் பிரின்ஸ் என்னும் தாய்க்கப்பலை நம்பியே இயங்கியது. கடல்நீர் வானொலி அலைகளை விழுங்கிவிடுவதால் ஆழத்தில் ஒலி ஒன்றே தூது. ஒலி நீரில் நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். டைட்டானிக் கிடக்கும் 3,800 மீட்டர் ஆழத்திலிருந்து ஒரு கேள்விக்கு விடை வந்து சேர ஐந்து நொடியாகும். வெப்பமும் உப்பும் மாறுபடும் நீரடுக்குகளில் ஒலி வளையும், சிதறும். ஆகவே குறுஞ்செய்திகளும் இருப்பிடக் குறிப்புகளுமே பரிமாறப்படுகின்றன.

இறங்கத் தொடங்கி ஏறத்தாழ 1 மணி 45 நிமிடத்தில் அந்தத் தூதும் நின்றது. கருவி பழுதானாலும், மின்சாரம் அற்றாலும், கலம் எதிலாவது சிக்கினாலும், கலத்தின் உடல் நொறுங்கினாலும் மேலே இருப்பவருக்குக் கிடைப்பது ஒரே மௌனம்தான். கலம் மேலெழுந்திருக்க வேண்டிய நேரம் கடந்த பிறகு, மாலையில்தான் அமெரிக்கக் கடலோரக் காவல்படைக்குச் செய்தி போனது. எடைகளை உதிர்த்துவிட்டு மேலே வந்து மிதக்கக்கூடும் என்பதால் பரப்பையும் தேட வேண்டியிருந்தது, கடலடியையும் தேட வேண்டியிருந்தது. மிதந்திருந்தாலும் உள்ளே இருந்தவர்களால் தாமாக வெளியேறியிருக்க முடியாது. கதவு வெளியிலிருந்து 17 திருகாணிகளால் பூட்டப்பட்டிருந்தது. கனடிய விமானம் போட்ட ஒலிமிதவைகளில் தட்டல் போன்ற ஓசை கேட்டதாக எழுந்த நம்பிக்கையும் வீணாயிற்று. ஜூன் 22 அன்று ஒடிசியஸ் என்னும் தொலையியக்கிக் கருவி, டைட்டானிக்கின் முன்பகுதியிலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் தொலைவில் டைட்டனின் சிதறல்களைக் கண்டது. முதல் நாளே நொறுங்கலுக்கு ஒத்த ஒலியை அமெரிக்கக் கடற்படையின் கருவிகள் பதிந்திருந்ததும் பின்னர் வெளிவந்தது.

தாயைப் பிரிந்தால் வாழாத கலம் என்பதால் சேய்க்கலம் என்று முன்மொழிகிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தூத்துக்குடி:

பொறியாளர் ஐயாவின் விளக்கத்தை முழுதும் ஏற்கிறேன், சொல்லை ஏற்க இயலவில்லை. சேய் என்பது உறவைச் சொல்கிறதே ஒழியத் தொழிலைச் சொல்லவில்லை. கப்பலில் தொங்கும் உயிர்காப்புப் படகும் சேய்தானே? அடுத்து எவரேனும் மூழ்குகலம் என்று முன்மொழிவர். அதையும் இப்போதே மறுக்கிறேன். கப்பல் மூழ்கியது என்றால் அழிந்தது என்றே தமிழர் கொள்வர்.

தமிழில் இதற்கென்றே ஒரு வினை உண்டு: குளித்தல். முத்துக்குளித்தல் என்னும் வழக்கில் இன்றும் அது உயிரோடிருக்கிறது. மன்னார் வளைகுடாவில் அக்காலத்தில் குளிப்பவர் கல்லின் எடையால் இறங்குவார். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கயிறு அசைந்தால் இழுத்துவிடுவார். எடையால் இறங்குதலும், மேலிருப்பவரை நம்புதலும், குறிப்பால் பேசுதலும் அத்தொழிலில் இருந்தன. குளிகலம் என்பது முக்காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை. வல்லினம் மிகாது என்பதையும் அச்சகத்தார்க்குச் சொல்லிவிடுங்கள்.

ஆசிரியை, யாழ்ப்பாணம்:

ஐயாவின் சொல் அழகானது, ஆனால் வகுப்பறையில் அது எடுபடாது. குளித்தல் என்றால் பிள்ளைகளின் மனத்தில் கிணற்றடிதான் வரும். எங்கள் நாட்டில் கடலடியில் இறங்கிப் பணிசெய்வோரைச் சுழியோடிகள் என்றே செய்தித்தாள்களும் கடற்படை அறிவிப்புகளும் குறிப்பிடுகின்றன. எவரும் புதிதாக ஆக்காத, மக்கள் வாயிலுள்ள சொல் அது. சுழியோடு கலம் என்று வைத்தால் இலங்கை மாணவர் எவருக்கும் விளக்கம் தேவைப்படாது. தமிழ்நாட்டில் வழங்கவில்லை என்பதற்காக ஒரு தமிழ்ச்சொல் தகுதியற்றதாகிவிடக் கூடாது என்பதையும் வலியுறுத்துகிறேன்.

கடற்பொறியாளர்:

சேய்க்கலத்தைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் குளிகலத்துக்கு என் மறுப்பு ஓசை பற்றியதன்று. முத்துக்குளிப்பவருக்குக் கயிறு இருந்தது, டைட்டனுக்கு இல்லை. கயிறும் வடமும் அற்றுத் கட்டின்றி உலவுவதே இவ்வகைக் கலங்களின் இயல்பு. அதனால்தான் தொடர்பு அற்றபின் எங்கே தேடுவது என்பதே முதல் இடராகிறது. கயிற்றை நினைவூட்டும் சொல் மாணவரைத் தவறான பக்கம் திருப்பும்.

1973 ஆகஸ்ட் 29 அன்று அயர்லாந்துக்கு அப்பால் பைசிஸ் 3 என்னும் கலம் இருவருடன் 480 மீட்டர் ஆழத்தில் விழுந்தது. அவர்களோடு ஒலிவழிப் பேச்சு அறவில்லை. உயிரோடிருப்பது தெரியும், ஏறத்தாழ எங்கே என்பதும் தெரியும். அப்படியிருந்தும் அடுத்தடுத்த முயற்சிகள் தோற்று, 76 மணி நேரம் கழிந்து, செப்டம்பர் 1 அன்றுதான் வடங்களைப் பிணைத்துத் தூக்கினர். உள்ளே மிஞ்சியிருந்த ஆக்சிஜன் நிமிடக் கணக்கிலானது. டைட்டனைத் தேடிய ஆழம் அதைப்போல் ஏறத்தாழ எட்டு மடங்கு. அங்கே இறங்கவல்ல கருவிகள் உலகில் மிகச் சில, அவையும் கப்பலேறிப் பல நாள் பயணித்து வர வேண்டியவை. டைட்டனில் இருந்ததாகச் சொல்லப்பட்ட 96 மணி நேர ஆக்சிஜன் என்ற கணக்கை இந்தப் பயண நாட்களோடு வைத்தே மாணவர் படிக்க வேண்டும்.

குழு ஒருங்கிணைப்பாளர், மதுரை:

மூழ்குதல் அழிதலையே குறிக்கும் என்ற ஐயாவின் கூற்றுக்கு அகநானூறு இடந்தரவில்லை. 350ஆம் பாட்டில் ‘வலம்புரி மூழ்கிய வான்திமில் பரதவர்’ வருகின்றனர். அவர்கள் சுறாவை விலக்கி, மூழ்கி, சங்கெடுத்து, கொற்கை ஆரவாரித்து எதிர்கொள்ளக் கரை சேர்கிறார்கள். இறங்கி மீள்தலே அங்கு மூழ்குதல். நீர்மூழ்கி என்ற சொல்லும் மாணவருக்குப் பழகியதே. அதனோடு இனமாக மூழ்குகலம் நின்றால் ஒற்றுமையும் தெரியும், வேற்றுமையும் தெரியும்.

மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் நன்றி. நீர்மூழ்கியோடு இனமாக நிற்பதாலும், காலம் இல்லாமையாலும் மூழ்குகலம் என்றே அனுப்புகிறேன். சொல் முதலில் வரும் இடத்தில் ‘தாய்க்கப்பலைச் சார்ந்து, வடமின்றி ஆழத்தில் இறங்கி மீளும் சிறு கலம்’ என்ற வரையறை இடம்பெறும். இலங்கைப் பதிப்புக்குச் சுழியோடு கலம் என்பதையும் பதிப்பகத்துக்குப் பரிந்துரைத்திருக்கிறேன்.

தமிழாசிரியர்:

முடிவுக்குக் கட்டுப்படுகிறேன், மறுப்பைப் பதிவில் வையுங்கள். அகநானூற்றில் மூழ்கியவர் பரதவர். அவர்களின் திமில் என்னும் படகு மூழ்கவில்லை, மிதந்தது. ஆள் மூழ்குவது வேறு, கலம் மூழ்குவது வேறு. சென்னையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் மூவரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு அனுப்ப மத்ஸ்யா 6000 கலத்தை ஆக்கிவருகிறது. அது இறங்கும் நாளில் ‘மூழ்குகலம் மூழ்கியது’ என்று ஒரு நாளிதழ் தலைப்பிட்டால், உள்ளே இருப்பவரின் வீட்டார் அதை எப்படிப் படிப்பார்கள்? இதற்கு எவரும் விடை தரவில்லை. தரும்வரை, குளிகலம் நம் பட்டியலில் மாற்றுச்சொல்லாக நிற்க வேண்டும்.