முதியோர் மன்றம்: பெண்கள் வருகிறார்கள், ஆண்கள் எட்டிப் பார்ப்பதில்லை. என்ன செய்யலாம்?

நங்கநல்லூர்_வாசி:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்தில் பொங்கல் முடிந்த கையோடு மூத்தவர்களுக்கென்று ஒரு மன்றம் ஆரம்பித்தோம். பொறுப்பு என் தலையில் விழுந்தது. சங்கக் கட்டடத்தின் தரைத்தள ஹால், செவ்வாய், வெள்ளி மாலை 4 முதல் 6 வரை. பஜனை, கொஞ்சம் நாற்காலி யோகா, ஒரு டீ. மாதத்துக்கு ஒரு டாக்டர் வந்து பேசுவார்.

பெண்கள் நன்றாகவே வருகிறார்கள். அவர்கள் வீட்டுக்காரர்கள் வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, "எனக்கு அந்தப் பக்கம் ஒரு வேலை" என்று நழுவிவிடுகிறார்கள். வேலையாவது ஒன்றாவது! ஆஞ்சநேயர் கோயில் பக்கம் போனால் நாலு பேர் உட்கார்ந்து அரசியல் பேசிக்கொண்டிருப்பார்கள். அதையே உள்ளே வந்து பேசலாமே மாமா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் வயசானவங்களுக்கும்மா" என்றார் ஒருவர். அவருக்கு 78.

இன்னொரு கவலையும் உண்டு. லிஃப்ட் இல்லாத பழைய ஃபிளாட்டுகளில் இரண்டாவது மாடி, மூன்றாவது மாடியில் இருப்பவர்களால் இறங்கவே முடியவில்லை. அவர்களுக்கு நம்மால் ஆவது ஏதாவது உண்டா? சந்தா மாதம் 100 ரூபாய். அதற்கு மேல் கேட்டால் சங்கத்தில் முகம் சுளிப்பார்கள்.

ரிட்டயர்டு_ஐசிஎஃப்:

அம்மா, பெரம்பூர் பக்கம் இந்த வேலையைப் பல வருஷமாகச் செய்கிறேன். எங்கள் செட் ஆட்களை "வந்து பொழுது போக்குங்கள்" என்று கூப்பிட்டால் ஒருத்தரும் வரமாட்டார். ஷிஃப்டுக்கு ஓடியே பழகிய ஆளுக்குப் பொழுதுபோக்கு என்ற வார்த்தையே கூச்சம். "ஒரு வேலை இருக்கு, வந்து முடிச்சுட்டுப் போங்க" என்று சொல்லிப் பாருங்கள். சட்டையை மாட்டிக்கொண்டு உங்களுக்கு முன்னால் வந்து நிற்பார். அதனால் முதல் காரியமாக "மூத்த குடிமக்கள் மன்றம்" போர்டைக் கழற்றிவிட்டு "பென்ஷன் உதவி" என்று எழுதி மாட்டுங்கள்.

எங்களுக்குக் கூட்டம் சேர்த்துக் கொடுத்தது, பென்ஷன் வாங்குகிறவர் உயிரோடு இருக்கிறார் என்று வருஷா வருஷம் கொடுக்கிற ஆயுள் சான்றுதான். மத்திய அரசு, ரயில்வே ஆட்களுக்கு நவம்பர். 80 தாண்டியவர்கள் அக்டோபர் 1-லிருந்தே கொடுக்கலாம். மாநில அரசில் இருந்தவர்களுக்கு அவரவர் ஓய்வு பெற்ற மாதத்தில் நேர்காணல். பி.எஃப். பென்ஷன் வாங்குகிறவர் எந்த மாதம் வேண்டுமானாலும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குச் செல்லும். ஆக, வருஷம் பூரா யாராவது ஒருவருக்கு உங்கள் ஹாலில் வேலை இருந்துகொண்டே இருக்கும்.

முன்பு கைரேகை வைக்கச் சொல்வார்கள். லேத்தில் நின்ற விரலில் ரேகை எங்கே இருக்கும்? இப்போது முகத்தைக் காட்டினால் போதும். ஓர் ஆண்ட்ராய்டு போன், அதில் ஜீவன் பிரமாண் செயலி, கூடவே ஆதார் முகப்பதிவுச் செயலி. ஆளை ஜன்னலைப் பார்க்க உட்காரவையுங்கள். வெளிச்சம் முதுகுப் பக்கம் இருந்தால் எடுக்காது. கண்ணைச் சிமிட்டச் சொல்லும். அங்கேதான் கூத்து. போட்டோ என்றதுமே நம் ஆட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாஸ்போர்ட் சைஸ் முகத்தோடு விறைத்துவிடுவார்கள். பக்கத்தில் ஒருத்தர் நின்று "சார், சிமிட்டுங்க சார்" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

முடித்தவரை அப்படியே அனுப்பிவிடாதீர்கள். "அடுத்தவருக்கு நீங்களே செஞ்சு விடுங்க சார்" என்று போனை அவர் கையில் கொடுங்கள். அவ்வளவுதான், ஆள் மாட்டிக்கொண்டார். அடுத்த தடவை ஹால் சாவி யாரிடம் என்று அவரே கேட்பார். பக்கத்தில் கேரம் போர்டு பவுடர் போட்டுத் தயாராக இருக்கட்டும். விளையாட வாங்க என்று மட்டும் கூப்பிடாதீர்கள், தானாக உட்காருவார்கள்.

ஆண்களுக்குக் காலை 10 முதல் 12 சரியான நேரம். அந்த நேரத்தில் அவர் வெளியே போனால் வீட்டில் உள்ளவர்களும் உங்களை வாழ்த்துவார்கள். பஜனையோடு சேர்க்காமல் தனி நாள் போடுங்கள். எங்கள் பக்கம் ஆங்கிலோ இந்தியர், முஸ்லிம், எல்லாரும் கலந்து இருக்கிறோம். சாமி பாட்டு என்றால் பாதிப் பேர் வாசலோடு திரும்பிவிடுவார்கள். அதனால் எங்களிடம் ரேடியோ காலத்துப் பழைய சினிமாப் பாட்டுதான்.

அடுத்த சாக்கு பஸ் டோக்கன். 60 ஆன சென்னைவாசிகளுக்கு மாநகர பஸ்ஸில் மாதம் 10 டோக்கன் இலவசம், ஏசி பஸ் தவிர. ஆறு மாதத்துக்கானதை டிசம்பர் கடைசியிலும் ஜூன் கடைசியிலும் மொத்தமாகக் கொடுப்பார்கள். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண பஸ் எப்படியும் இலவசம் என்பதால் இது முழுக்க முழுக்க மாமாக்கள் சமாச்சாரம். கும்பலாகக் கூட்டிக்கொண்டு போய் வாங்கிவந்தால் அதுவே ஒரு பிக்னிக்.

ஒரு விஷயம் மட்டும் மைக்கில் பேசாதீர்கள். வீட்டைப் பிள்ளை பேரில் செட்டில்மென்ட் எழுதிவிட்டு உள்ளுக்குள் புழுங்குகிறவர்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007-ஆம் வருஷச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில், பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதியிருந்து, பிள்ளை பார்க்கவில்லை என்றால், தீர்ப்பாயத்தில் அதை ரத்து செய்யக் கேட்கலாம். மனு போவது கோட்டாட்சியரிடம். இதற்குச் சொற்பொழிவு வைத்தால் ஒருத்தரும் வாய் திறக்கமாட்டார், பக்கத்து நாற்காலியில் சம்பந்தியே இருப்பார். விவரம் தெரிந்த வக்கீல் ஒருவரைக் கேரம் ஆட வந்தவர் மாதிரி ஓரமாக உட்காரவையுங்கள். தேடிப் போய்ப் பேசுவார்கள்.

பிசியோ_கேகேநகர்:

சார் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சாக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும் கழிவறை சரியில்லை என்றால் அரை மணியில் எழுந்து போய்விடுவார்கள். பிரஷருக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதனாலேயே வெளியே கிளம்பத் தயங்குவார்கள். காரணத்தை உங்களிடம் சொல்லமாட்டார்கள், "எனக்கு வேலை இருக்கு" என்பார்கள். உங்கள் மாமாக்களில் சிலர் அந்த ரகமாக இருக்கலாம்.

நாற்காலிகளையும் பாருங்கள். கைப்பிடி இல்லாத பிளாஸ்டிக் நாற்காலியில் யோகா வேண்டவே வேண்டாம். டைல்ஸ் தரையில் வழுக்கும். கைப்பிடி உள்ளதாக, சுவரை ஒட்டிப் போடுங்கள். யோகாவுக்கு முன் ஒரு சின்னப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்: நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் அவர் விழக்கூடியவர் என்று வைத்துக்கொண்டு டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். போட்டி மாதிரி வைத்தால் ஆண்கள் குதித்துக்கொண்டு வருவார்கள், ஆனால் வேகமாக நடக்கப் பார்ப்பார்கள், பக்கத்தில் ஆள் நிற்கட்டும்.

டாக்டர் பேச்சைக் குறைத்துக்கொண்டு, நாலைந்து பேராகக் கிண்டிக்குக் கூட்டிப் போகலாம். கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் 2024 பிப்ரவரியில் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை, 200 படுக்கை. உங்களுக்கு மெட்ரோவில் ஆலந்தூர் தாண்டினால் கிண்டி, அங்கிருந்து ஓர் ஆட்டோ.

மாம்பலம்_மருமகள்:

மாடியில் இருப்பவர்கள் பற்றி. என் மாமியார் மூன்றாவது மாடி, முழங்கால் போய்விட்டது, அதனால் சொல்கிறேன்.

அவருக்கு வாரத்தில் இரண்டு நாள் ஒரே நேரத்தில் ஒரு போன் வரும். எங்கள் தெரு அம்மாக்கள் தங்களுக்குள் ஆளுக்கு ஒருவரென்று பிரித்துக்கொண்டார்கள். "நல்லா இருக்கீங்களா" என்று கேட்டால் "இருக்கேன்" என்று வைத்துவிடுவார். "இன்னிக்கு என்ன குழம்பு" என்று கேட்டால் இருபது நிமிஷம் ஓடும். அதில்தான், சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமில்லை, மாத்திரை தீர்ந்துவிட்டது எல்லாம் வெளியே வரும்.

சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், பிசியோதெரபியும் உண்டு. உங்கள் வட்டாரத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பெயர் பதியுங்கள். ரேஷன் வீட்டுக்கே வருவதற்குத் தாயுமானவர் திட்டம், 2025 ஆகஸ்டில் 70 தாண்டியவர்களுக்கென்று ஆரம்பித்தது. ஆயுள் சான்றுக்கு 70 ரூபாய் கட்டணத்தில் தபால்காரரே வீடேறி வருவார். தனியாக இருப்பவர் வீட்டுச் சுவரில் 14567 என்ற முதியோர் உதவி எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். அதற்குக் கீழே 1930-ஐயும் எழுதுங்கள், போனில் போலீஸ் பேசுவதாகச் சொல்லிப் பணம் பறிக்கிறவர்களைப் பற்றிப் புகார் கொடுக்க.

நங்கநல்லூர்_வாசி:

எல்லாருக்கும் நன்றி. வியாழன் காலை 10 மணி, "பென்ஷன் உதவி" என்று இன்றே வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டேன். அந்த 78 வயது மாமா முதல் ஆளாக, "எந்தெந்த பேப்பர் கொண்டு வரணும்?" என்று கேட்டிருக்கிறார். எங்கள் ஹாலில் இந்தியன் டாய்லெட்தான். மாற்றச் சங்கத்தில் ஒப்புக்கொள்வார்களா தெரியவில்லை.

ரிட்டயர்டு_ஐசிஎஃப்:

இடித்துக் கட்ட வேண்டியதில்லை அம்மா. சர்ஜிகல் கடையில் கமோடு நாற்காலி கிடைக்கும், அப்படியே மேலே தூக்கி வைக்கலாம். சுவரில் இரண்டு பக்கமும் ஸ்டீல் கைப்பிடி அடியுங்கள், தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி வையுங்கள். அப்புறம் சாவி. ஒன்று கட்டாயம் உங்களிடம் இருக்கட்டும். எங்கள் ஹாலை ஒரு தடவை வளைகாப்புக்கு வாடகைக்கு விட்டுவிட்டு எங்களைத் தெருவில் நிற்க வைத்தார்கள். வியாழக்கிழமை காலை உங்களுக்கு என்று சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பேப்பர் கேட்ட மாமாவுக்கு: ஆதார், பி.பி.ஓ. (பென்ஷன் ஆர்டர்) நம்பர், பேங்க் பாஸ்புக், ஆதாரோடு இணைத்த போன்.