கிணற்று உப்பை வைத்துப் பிரச்சினை வழிக் கற்றல்: 40 பேர் வகுப்பில் எப்படி நடத்துவது?

மண்டபம் அறிவியல் டீச்சர்:
ஒன்பதாம் வகுப்பு, 40 பேர். தங்கச்சிமடம் பக்கக் கிணறுகள் கோடையில் ஏன் உப்புக் கரிக்கின்றன என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கும்படி நடத்த எண்ணம். குழு பிரித்தால் ஒருவர் எழுத, மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். கடைசியில் நெட்டில் பார்த்து எழுதிய சார்ட்தான் மிஞ்சுகிறது. என்ன செய்யலாம்?

கீழக்கரை:
டீச்சர், கேள்வியை மாற்றுங்கள். "ஏன்" என்று கேட்டால் நெட்டில் ஒரே வரியில் பதில் இருக்கிறது. "இந்த மூன்று கிணறுகளில் குடிக்க எது, புழங்க எது? ஊராட்சிக்கு என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டால் அளந்தே ஆகணும். 1969-இல் கனடாவின் மெக்மாஸ்டர் மருத்துவப் பள்ளியில் இந்தப் பிரச்சினை வழிக் கற்றல் முறை தொடங்கியபோதும் நோயாளியின் கேஸ்தான் முதலில், பாடம் பிறகு.

ஐந்து பேராக எட்டுக் குழு. முதல் பீரியடில் போனும் புத்தகமும் வேண்டாம். போர்டில் மூன்று பத்தி: தெரிந்தது, ஊகம், தெரிய வேண்டியது. மூன்றாவதிலிருந்து ஆளுக்கொரு கேள்வியைப் பேர் போட்டுக் கொடுங்கள். அடுத்த வகுப்பில் அதற்கான பதிலை அவர்தான் சொல்லணும். வேடிக்கை பார்ப்பது அங்கேயே நின்றுவிடும்.

தேவிபட்டினம்:
அளப்பதில்தான் அதிகம் சொதப்பும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் கையடக்க டிடிஎஸ் மீட்டர்கள் பலவும் 9,990 பிபிஎம் (ஏறக்குறைய லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்) வரைதான் காட்டும். ஒப்பிடக் கடல்நீரையும் அளந்தால், அதுவோ 35,000 பக்கம். ஒரு பங்கு கடல்நீருக்கு ஒன்பது பங்கு டிஸ்டில்டு வாட்டர் கலந்து, வருவதைப் பத்தால் பெருக்கணும். மீட்டரைச் சோதிக்க: 10 கிராம் காய்ந்த தூள் உப்பை டிஸ்டில்டு வாட்டரில் கரைத்து ஒரு லிட்டராக்கி, அதில் 100 மி.லி. எடுத்து மறுபடி ஒரு லிட்டராக்கினால் ஏறக்குறைய 1,000 காட்டணும்.

கிணற்றைக் காலையில் ஒருமுறை, மோட்டார் அரைமணி ஓடியபின் ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். எண் ஏறினால், நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது, இறைக்க இறைக்க அடியிலிருப்பது மேலே வருகிறது என்ற இடத்துக்குப் பிள்ளைகளே வருவார்கள். மே மாதம் விடுமுறை என்பதால் மழை முடிந்த ஜனவரியில் ஒன்று, ஏப்ரல் தொடக்கத்தில் ஒன்று போதும்.

இந்தியத் தரப்படி குடிநீருக்கு டிடிஎஸ் 500 பிபிஎம், வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை. ஆனால் 400 வந்தாலே "குடிக்கலாம்" என்று எழுதிவிடுவார்கள். கிருமியை மீட்டர் காட்டாது. இதைப் பிள்ளைகள் கேள்வியாக எழுப்பும்வரை நீங்கள் சொல்லாதீர்கள்.

பாம்பன்:
சார்ட்டுக்கு மார்க் போடவே வேண்டாம். நான்காவது கிணற்றின் அளவுகளைக் கொடுத்து, தனித்தனியாக அரைப்பக்கம் முடிவு எழுத வையுங்கள். கூடவே ஒரு கேள்வி: "எந்த எண் வந்திருந்தால் உங்கள் முடிவு மாறியிருக்கும்?" பார்த்து எழுதியவர் இதில் தடுமாறுவார்.