புதுப்பிப்பு: ‘தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்’ பற்றிய என் கருத்து மாறியிருக்கிறது

ஜான் கிரீன் 2012-இல் வெளியிட்ட இந்த நாவல், புற்றுநோயைக் காட்டி வாசகரை அழவைக்கும் பதின்வயதுக் காதல் கதை மட்டுமே என்று இந்த இழையின் முதல் பதிவில் எழுதியிருந்தேன். மறுவாசிப்புக்குப் பின் அந்தக் கருத்து எனக்கு இல்லை.

முதல் வாசிப்பில் புற்றுநோயோடு வாழும் நாயகி ஹேசலும் அவளைக் காதலிக்கும் அகஸ்டஸும் மட்டுமே கண்ணில் பட்டார்கள். இம்முறை மனத்தில் நின்றவர்கள் ஹேசலின் பெற்றோர். மகள் சாகும் தறுவாயில் இருந்தபோது, இனித் தான் ஒரு தாயாக இருக்க முடியாதே என்று அம்மா விம்மியது ஹேசலின் காதில் விழுந்துவிடுகிறது. தன் மரணம் மற்றவர்களைச் சிதைத்துவிடும் என்ற அச்சமே அவளைக் காதலிலிருந்தும் விலகி நிற்கச் செய்கிறது. அந்த அம்மா மகளுக்குத் தெரியாமல் சமூகப்பணிப் படிப்பு படித்துவருவது ஒரு சண்டையின் நடுவே வெளிப்படும்போது, தான் இல்லாத உலகுக்கு அவர்கள் தயாராகிறார்கள் என்று மகள் வருந்துவாளோ என அம்மா தயங்க, ஹேசலோ மனமார மகிழ்கிறாள். நாவலின் உண்மையான காதல் கதை இதுதான் என்றுகூட எனக்குத் தோன்றுகிறது.

அகஸ்டஸின் பேச்சு, குறிப்பாகப் பற்றவைக்காமல் வாயில் வைத்துக்கொள்ளும் சிகரெட்டுக்கு அவன் தரும் விளக்கம், இன்னமும் செயற்கையாகவே இருக்கிறது. இந்த நாவலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று முதல் பதிவின்போது கேட்டவர்கள் தாராளமாகக் கொடுக்கலாம். கொடுப்பதற்கு முன் தாங்களும் படித்துவிடுவது நல்லது.