தாத்தாவின் ரைஃபிளுக்குத் தோட்டா தேடிய அனுபவம்

பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில், மெட்ராஸ் சாப்பர்ஸ் (ராணுவப் பொறியாளர் படை) சென்டரை ஒட்டிய தெருவில் வளர்ந்தவன் நான். தாத்தா அங்கே சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஐம்பதுகளில், ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார எஸ்டேட் மேனேஜரிடம் வாங்கிய ரைஃபிள் அப்பா பெயருக்கு வந்து, அப்பா காலமான பிறகு என் பெயருக்கு வந்தது. பழைய ராணுவ ரைஃபிளுக்கு இப்போது தோட்டா கிடைக்குமா என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தார்கள். எனக்கு நடந்ததை எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

முதல் சிக்கல் தோட்டாவில் இல்லை, பெயரில். வீட்டில் எல்லோரும் அதை "த்ரீ நாட் த்ரீ" (.303) என்றுதான் சொல்வோம். அப்பாவும் அப்படித்தான் சொன்னார். லைசென்ஸ் புத்தகத்தில் ".30 ரைஃபிள்" என்று மட்டும் இருந்தது. வாரிசு மாற்றம் முடியும் வரை துப்பாக்கி ஒரு டீலரிடம் டெபாசிட்டில் இருந்தது. திரும்ப வந்த அன்று பழைய வேட்டித் துணியால் கிரீஸைத் துடைத்தேன். தோட்டா உள்ளே போகும் அறைக்கு மேலே, இரும்பு வளையத்தில், எழுத்து ஒவ்வொன்றாகத் தெரிந்தது: யூ.எஸ்., அதன் கீழே மாடல் ஆஃப் 1917, அதன் கீழே எடிஸ்டோன், அப்புறம் நம்பர். அன்றுதான் எங்கள் வீட்டில் எழுபது வருடமாகத் தப்பான பெயர் ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. முதல் உலகப் போரில் பிரிட்டனுக்காக அமெரிக்காவில் எடிஸ்டோன் உட்பட மூன்று தொழிற்சாலைகள் பேட்டர்ன் 14 என்ற ரைஃபிளைச் செய்தன. அது .303. 1917-இல் அமெரிக்காவே போரில் இறங்கியதும், அதே தொழிற்சாலைகள் அதே வடிவத்தைத் தங்கள் .30-06 தோட்டாவுக்கு மாற்றிச் செய்தன. அதுதான் என்னிடம் இருக்கும் மாடல் 1917. இரண்டுக்கும் அதே நீண்ட உடம்பு, முன் குறிக்கு இரு பக்கமும் அதே காது. தூரத்தில் இருந்து பார்த்தால் அண்ணன் தம்பி. ஆனால் நம் நாட்டில் .303 தடை செய்யப்பட்ட 'போர்' (bore, அதாவது குழல் அளவு), .30-06 அப்படி இல்லை. தோட்டாவிலும் வித்தியாசம் உண்டு: .303-க்கு அடியில் விளிம்பு இருக்கும், கேஸ் (பித்தளைக் கூடு) 56 மில்லிமீட்டர் நீளம்; .30-06-க்கு விளிம்பு கிடையாது, கேஸ் 63 மில்லிமீட்டர். ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

நான் போன முதல் கடையில் "முப்பதும் முந்நூத்தி மூணும் ஒண்ணுதான் சார், பாத்துக்கலாம்" என்றார் ஒருவர். பேசாமல் வெளியே வந்துவிட்டேன். இரண்டாவது கடைக்காரர் வயதானவர், சிவாஜிநகர்த் தமிழர். லைசென்ஸைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, வெறும் .30-னு போட்டா எந்த .30? கார்பைனா, .30-30-ஆ, .30-06-ஆ? எழுத்துல இல்லாததை நான் விற்க மாட்டேன்" என்றார். அந்த நேரத்தில் கோபம் வந்தது. இப்போது அவருக்கு நன்றி சொல்கிறேன். ஆர்மரர் (துப்பாக்கியைச் சோதித்துப் பழுது பார்ப்பவர்) பார்வையிட்டு எழுதிக் கொடுத்த அறிக்கையோடு மனு கொடுத்து, போரைச் சரியாக எழுதி வாங்க நான்கு மாதம் ஆனது.

அதன் பிறகும் உடனே கிடைக்கவில்லை. புனே பக்கத்தில் கட்கி தொழிற்சாலையில் .30-06 தோட்டா செய்கிறார்கள். ஆனால் கேட்பவர்கள் குறைவு. கடை அலமாரியில் 12 போரும் .32 ரிவால்வர் தோட்டாவும் அடுக்கி இருக்கும், .30-06-க்குப் பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நான் ஏழு மாதம் காத்திருந்தேன்.

இதற்கிடையில் தாத்தாவின் ஹார்லிக்ஸ் டப்பாவில் பதினோரு பழைய தோட்டா இருந்தது. அடியில் எஃப்.ஏ. 43 என்று முத்திரை. அதாவது ஃப்ராங்ஃபோர்ட் ஆர்சனல், 1943. பித்தளையில் பச்சை பூத்திருந்தது, இரண்டின் கழுத்தில் மயிரிழை போல விரிசல். அந்தக் காலத்து அமெரிக்க ராணுவத் தோட்டாவின் கேப்பில் (அடியில் ஊசி அடித்ததும் தீப்பிடிக்கும் சின்ன மூடி) உப்பு விடும் ரசாயனம் இருக்கும். சுட்ட பிறகு அந்த உப்பு பேரலில் தங்கி, காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துத் துருவாக்கும். எண்ணெயில் உப்பு கரையாது, தண்ணீரில்தான் கரையும். அப்பா எண்பதுகளில் அதே டப்பாவில் இருந்த வேறு இரண்டைச் சுட்டுவிட்டு, எண்ணெய்த் துணி மட்டும் விட்டு இழுத்து வைத்துவிட்டார். இன்று பேரலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால், அறைக்கு அடுத்த நான்கு விரற்கடைக்கு அம்மைத் தழும்பு மாதிரி கறுப்புக் குழி. இரண்டே இரண்டு தோட்டா செய்த வேலை. அவருக்குச் சொல்லித்தர யாரும் இல்லையே என்றுதான் எனக்கு வருத்தம். அந்தப் பதினொன்றையும் டீலரிடம் கணக்கில் எழுதி ஒப்படைத்துவிட்டேன்.

*

ராமமூர்த்தி நகரிலிருந்து:

என்னிடம் இருப்பது .315, இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்தது. அண்ணா சொன்ன பெயர்க் குழப்பம் இதிலும் உண்டு, பார்த்தவுடன் எல்லோரும் த்ரீ நாட் த்ரீ என்பார்கள். உடம்பு த்ரீ நாட் த்ரீ ராணுவ ரைஃபிளான லீ-என்ஃபீல்டுதான். ராணுவத் தோட்டா பொதுமக்கள் கையில் போகக்கூடாது என்று வெள்ளைக்காரன் தடுத்தபோது, பி.எஸ்.ஏ. என்ற இங்கிலாந்துக் கம்பெனி ஆஸ்திரியாவின் பழைய 8 மில்லிமீட்டர் மான்லிகர் தோட்டாவை எடுத்து அதே உடம்பில் பொருத்தியது. அதுவே .315. இந்தத் தோட்டாவும் கட்கியில் இருந்துதான் வருகிறது, .30-06 அளவுக்குக் கஷ்டம் இல்லை. என் கடையில் பழைய காலி கேஸை எண்ணிப் பார்த்துத்தான் புதியது தருகிறார்கள். ஒருமுறை குடகில் மாமனார் எஸ்டேட்டில் இரண்டு காலி கேஸ் காப்பிச் செடிக்கு அடியில் விழுந்துவிட்டது. மழையில் மண்டியிட்டுத் தேடினோம், ஒன்றுதான் கிடைத்தது. அந்த ஒன்றுக்கு விளக்கம் எழுதிக் கொடுத்தேன்.

*

ஒயிட்ஃபீல்டிலிருந்து:

"காலி கேஸை வைத்து வீட்டிலேயே தோட்டா கட்டினால் என்ன" என்று கேட்பவர்களுக்காக இது. டெக்சாஸில் என் சித்தி பையன் கட்டுகிறான், கூட உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கேஸ், கேப், வெடிமருந்து, குண்டு என்று நாலும் அங்கே கடையில் கிடைக்கிறது. அங்கேயும் சில ராணுவக் கேஸ்கள் ஆகாது. பாக்ஸர் வகைக் கேஸின் நடுவில் ஒரே துளை, ஊசி விட்டால் பழைய கேப் வெளியே வந்துவிடும். பெர்டான் வகையில் இரண்டு சின்னத் துளை ஓரமாக இருக்கும், ஊசி போகாது. இதில் ஒரு விசித்திரம்: பாக்ஸர் ஆங்கிலேயர், ஆனால் அவருடைய முறை அமெரிக்காவில் நிலைத்தது, பெர்டான் அமெரிக்கர், அவருடையது ஐரோப்பாவில். ஆனால் இங்கே கதையே வேறு. 1959 ஆயுதச் சட்டம் 5-வது பிரிவுப்படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம், நம்மிடம் இருப்பது துப்பாக்கி வைத்திருக்கும் லைசென்ஸ் மட்டும்தான். சமையலறை மேஜையில் ஒன்றே ஒன்று கட்டினாலும் அது தயாரிப்புதான். அங்கே பார்த்த ஆசையில் இங்கே யாரும் கை வைக்காதீர்கள்.

*

ஜீவன்பீமா நகரிலிருந்து:

எங்கள் வீட்டில் துப்பாக்கியே கிடையாது. பெரியப்பா இறந்து டிரங்கைத் திறந்தபோது, மெடல்களோடு மூன்று .303 தோட்டா இருந்தது. கே.எஃப். முத்திரை, கட்கிதான். பேரன் ஞாபகத்துக்கு ஒன்று வேண்டும் என்றான். அண்ணன் ஒரே பிடியாக மறுத்துவிட்டார். ஒரு வக்கீலோடு காவல் நிலையம் போய், எங்கே எப்படிக் கிடைத்தது என்று கடிதம் எழுதி, ஒப்படைத்ததற்கு ரசீது வாங்கினோம். இன்ஸ்பெக்டர் மரியாதையாகவே நடத்தினார். பெரியப்பா எந்த ரெஜிமெண்ட் என்று கேட்டார்.

*

அல்சூரிலிருந்து மறுபடியும்:

எல்லோருக்கும் நன்றி. தோட்டா வந்துவிட்டதா என்று ராமமூர்த்தி நகர்த் தம்பி தனியாகக் கேட்டிருந்தார். வந்தது, போன வியாழக்கிழமை. இருபது ரவுண்டு. சிவாஜிநகர்ப் பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, எண்ணிக்கை, தேதி, பில் நம்பர் எல்லாம் லைசென்ஸ் புத்தகத்தில் எழுதி முத்திரை வைத்தார். ".30-06" என்று எழுதும்போது மட்டும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார். இன்னும் ஒன்றுகூடச் சுடவில்லை. போல்ட்டுக்கும் அறைக்கும் உள்ள இடைவெளியை ஆர்மரர் கேஜ் வைத்துப் பார்த்துச் சொல்லும் வரை பெட்டியின் சீலையும் உடைக்கப் போவதில்லை. செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.