போப்பைத் "தனியாகச்" சந்தித்த அண்ணன்

கம்பிக்காரன்: எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் பெரிய ஃப்ளெக்ஸ். "வத்திக்கானில் திருத்தந்தையைத் தனிப்பட்ட முறையில் சந்தித்துத் திரும்பும் அண்ணனே வருக வருக." படத்தைப் பார்த்தால் அண்ணனுக்கும் போப்புக்கும் நடுவில் இடுப்பளவு தடுப்புக் கம்பி! பின்னால் தொப்பியும் கொடியுமாக ஒரு ஊரே நிற்கிறது. இது புதன்கிழமை பொதுச் சந்திப்பு ஐயா. டிக்கெட் இலவசம், முந்தின நாள் வத்திக்கான் வெண்கலக் கதவுப் பக்கம் போனால் போப்பின் சுவிஸ் காவலர்களே கொடுப்பார்கள். இதில் தனி எங்கே வந்தது?

முத்துநகர்: வயிற்றெரிச்சல். அண்ணன் போப்பின் கையைப் பிடித்து முத்தி (முத்தம்) செய்திருக்கிறார். உங்கள் பரம்பரையில் யாருக்காவது அந்தப் பாக்கியம் கிடைத்ததா?

கம்பிக்காரன்: கம்பிக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

பனைமரம்: அன்று மழை, கூட்டம் ஆறாம் பவுல் மண்டபத்துக்குள்தான் நடந்தது என்று கேள்வி.

கம்பிக்காரன்: மண்டபத்துக்குள் வானம் தெரியுமா தம்பி? படத்தில் நீலமாகத் தெரிகிறதே. அப்படியே மண்டபம் என்றாலும் அது 1971இல் ஆறாயிரம் பேருக்கு மேல் உட்காரக் கட்டியது. தனிச் சந்திப்பு என்றால் போப்பின் அப்போஸ்தலிக்க மாளிகை நூலகத்தில் மேசைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள், நாட்டு அதிபர்கள் வரும் இடம். அங்கே கம்பி கிடையாது.

முத்துநகர்: முன்வரிசை சும்மா கிடைக்காது. ஆயரிடமிருந்து கடிதம் வேண்டும்.

உப்புக்காற்று: திருமண உடையிலேயே வரும் புது ஜோடிகளுக்குக்கூட அங்கே தனி இடம் உண்டு. அவர்கள் எல்லாரும் ஊருக்கு ஊர் ஃப்ளெக்ஸ் வைத்தால் என்ன ஆகும்? அப்புறம் அந்தப் படம், வத்திக்கான் புகைப்படக்காரர்கள் எடுத்தது, காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும்.

முத்துநகர்: நீங்கள் சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட் சபை) ஆள், உங்களுக்கு எங்கள் கத்தோலிக்க விஷயத்தில் என்ன வேலை?

உப்புக்காற்று: நான் என்ன சபை என்று உங்களிடம் சொன்னேனா?

பனைமரம்: முத்தி செய்தார் என்பதையே நம்ப முடியவில்லை. 2019இல் இத்தாலியின் லொரேட்டோவில் அப்போதைய போப் பிரான்சிஸ், முத்தமிட வந்தவர்களிடமிருந்து கையை இழுத்து இழுத்துக்கொண்டதை உலகமே பார்த்தது.

முத்துநகர்: கிருமி பரவக் கூடாது என்றுதான் இழுத்தார், வத்திக்கானே சொல்லிவிட்டது. பாதி செய்தி படிக்காதீர்கள்.

பனைமரம்: சரி, அப்போது அண்ணன் மட்டும் கிருமி இல்லாதவரா?

கம்பிக்காரன்: எல்லாரும் கம்பியை விட்டு எங்கேயோ போகிறீர்கள். 1986 பிப்ரவரியில் போப் இரண்டாம் யோவான் பவுல் சென்னைக்கே வந்தார். தெருவோரம் நின்று கையசைத்தவர்கள் எல்லாம் "சந்தித்தேன்" என்று போர்டு மாட்டிக்கொண்டார்களா? எங்கள் பெரியம்மாவும் நின்றாள். இன்றுவரை "பார்த்தேன்" என்றுதான் சொல்கிறாள்.

முத்துநகர்: உங்கள் கோபம் எங்கிருந்து வருகிறது என்று ஊருக்கே தெரியும். பங்குக் கோயில் பேரவைத் தேர்தலில் அண்ணனிடம் தோற்றதுதானே?

கம்பிக்காரன்: தோற்கவில்லை, நானாக விலகினேன்.

உப்புக்காற்று: பதினொரு ஓட்டு வாங்கிவிட்டு விலகினாராம்.

கம்பிக்காரன்: நீங்கள் யார் பக்கம்?!

முத்துநகர்: ஞாயிறு பூசை முடிந்ததும் அண்ணனுக்குப் பாராட்டு விழா. தைரியம் இருந்தால் அங்கே வந்து கேளுங்கள்.

கம்பிக்காரன்: வருகிறேன். அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கம்பியில் சிவப்பு மையால் வட்டம் போட்டுக் கொண்டு வருகிறேன்.

பனைமரம்: விழாவில் பிரியாணி உண்டா?