பாலையும் விட்டு மூன்று வருடம்: கருணையா, வசதியா?

நிலாச்சோறு:
போன வாரம் இங்கே ஒருவர், "வீகன் என்பது காசு உள்ளவர்களின் பொழுதுபோக்கு" என்று எழுதிவிட்டுப் போனார். அதற்கான பதில் இது. கறியும் முட்டையும் மட்டுமல்ல, பால், தயிர், நெய், பட்டுப்புடவை எல்லாவற்றையும் விட்டு மூன்று வருடம் ஆகிறது. நனிசைவம் என்று தமிழில் சொல்கிறார்கள். எனக்கு எந்தப் பெயரும் சரிதான்.

காரணம் ஒரு கன்றுக்குட்டி. எங்கள் தெருமுனையில் ஒரு வீட்டில் பால் வாங்குவோம். ஒரு நாள் விடிகாலையில் போனபோது, செத்த கன்றின் தோலில் வைக்கோலை அடைத்து, காலுக்கு நான்கு குச்சி செருகி, மாட்டின் முன்னால் நிறுத்தியிருந்தார்கள். மாடு அதை நக்கிக்கொண்டே பால் விட்டது. நக்கி நக்கி அந்தத் தோலின் ஒரு பக்கம் மயிரே இல்லை. அன்றைக்குச் செம்பை வெறுமனே எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

உடம்புக்கும் நல்லதுதான் நடந்தது. பத்து வருடமாக இருந்த வயிற்று உப்புசம் ஒரே மாதத்தில் போய்விட்டது. நம் பக்கத்தில் வளர்ந்தவர்களில் நிறையப் பேருக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிப்பதில்லை. "கேஸ் பிராப்ளம்" என்று சொல்லிக்கொண்டு அதோடேயே வாழ்ந்துவிடுகிறோம்.

சுக்கா_சுந்தரம்:
எல்லாம் சரி, காலையில் காபி?

நிலாச்சோறு:
கடுங்காப்பி, கருப்பட்டி போட்டு. முதல் மாதம் அழுகை வரும், அப்புறம் பழகிவிடும் அண்ணா.

மேட்டாங்காடு:
வணக்கம் அம்மணி. கோபிச்செட்டிபாளையம் பக்கம் இரண்டு கறவை மாடு வைத்திருக்கிறேன். தோல் கன்றைப் பற்றி எழுதினீர்கள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கன்று செத்துப்போனால் மாடு பாலை இறக்காது. மடி கட்டிக்கொள்ளும், நோய் வரும். தோல் கன்று அதற்காக நிறுத்துவது. அதற்கென்று யாரும் கன்றைக் கொல்வதில்லை. ஊசி போட்டுப் பாலை இறக்குகிறவர்களும் உண்டு. அதற்கு இது எவ்வளவோ மேல்.

இரண்டாவது, பணம். மஞ்சள் விலை விழுந்த வருடம் எங்கள் வீட்டில் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டியது மாடு. பயிர் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, அதுவும் மழை இருந்தால்தான் காசு தரும். பால் சொசைட்டியில் வாரக் கணக்குத் தீர்ந்தால் என் சம்சாரம் கையில் பணம் இருக்கும், யாரிடமும் போய் நிற்க வேண்டாம். சாணி எருவாகிறது. பாலை எல்லோரும் விட்டுவிட்டால் மாட்டைக் கோயிலிலா கட்டி வைப்பது? மாடே இருக்காது. அதுவும் கருணைதானா?

நிலாச்சோறு:
அண்ணா, மடி கட்டிக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாது. அந்த வீட்டுக்காரரைக் கொலைகாரர் மாதிரி எழுதியிருந்தால் என் தப்பு. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சினை ஊசி போட்டு வருடத்துக்கு ஒரு கன்று என்றால், அதில் ஏறக்குறையப் பாதி காளைக் கன்று. உங்கள் தொழுவத்தில் இப்போது எத்தனை காளைக் கன்று நிற்கிறது?

மேட்டாங்காடு:
ஒன்று. பிறந்து பன்னிரண்டு நாள். அதற்கு முந்தினது எதுவும் இல்லை.

ஜெர்சிக் கலப்பில் பிறந்த காளைக்குத் திமில் இருக்காது, ஏருக்கும் வண்டிக்கும் வராது. இப்போது உழவு டிராக்டர்தான். அது குடிக்கிற பால் சொசைட்டிக்குப் போகிற பால். புரோக்கர் வருவார், பொள்ளாச்சிச் சந்தைக்குப் போகும், அங்கிருந்து கேரளா லாரி. கறவை வற்றிய மாட்டுக்கும் அதே வழிதான். கிடேரிக் கன்று மட்டும் பிறக்கிற சினை ஊசி இப்போது வந்திருக்கிறது, ஆனால் அதில் சினை நிற்கிற மாட்டுக்குத்தான் நிற்கும். உண்மையைக் கேட்டீர்கள், சொல்லிவிட்டேன்.

நிலாச்சோறு:
இதைத்தான் சொல்ல வந்தேன். "நான் சைவம், யாரையும் கொல்லவில்லை" என்று நெய்ப்பொங்கல் சாப்பிடுகிறவர் அந்த லாரியைப் பார்ப்பதே இல்லை. தின்பதற்காகக் கொல்வோர் இல்லாவிட்டால் விலைக்கு ஊன் விற்போரும் இருக்க மாட்டார்கள் என்று வள்ளுவர் சொன்ன கணக்கு பாலுக்கும் பொருந்தும். உங்களைத் திட்டவில்லை அண்ணா. வாங்குகிற எங்களைத்தான் சொல்கிறேன்.

தெற்குத்தெரு:
இங்கேதான் இடிக்கிறது தோழர். "கருணை" என்ற சொல் எங்கள் தெருவுக்கு வரும்போது எப்போதும் ஒரு மூக்குச் சுளிப்போடுதான் வந்திருக்கிறது. வாடகைக்கு வீடு கேட்டால் "சைவமா?" என்பார்கள். அது உணவைப் பற்றிய கேள்வியா? 2014இல் எடுத்த அரசுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவம். மாட்டுக்கறி எங்களுக்கு மலிவான புரதம், என் ஆத்தா பிரசவத்துக்குப் பிறகு எழுந்து நடந்தது அந்தச் சாற்றில். சத்துணவில் வாரம் ஐந்து முட்டை தருகிறார்கள். அதற்காகவே பள்ளிக்கு வருகிற பிள்ளையிடம் போய் கோழியின் வேதனையைப் பேசுவீர்களா?

நிலாச்சோறு:
பேச மாட்டேன். அந்த முட்டையை நிறுத்தச் சொல்கிற எந்தக் கூட்டத்திலும் நான் இல்லை. பசுவைத் தெய்வம் என்று சொல்லி உங்களை அடிக்க வருகிறவன் வீட்டில் பால் பாக்கெட் வாங்குவது நிற்கவில்லை, அதையும் கவனியுங்கள். என் கேள்வி தேர்ந்தெடுக்க வசதி உள்ளவர்களுக்கு மட்டும்.

தெற்குத்தெரு:
அப்படியென்றால் முதல் பதிவில் அதை எழுதியிருக்க வேண்டும். "காசு உள்ளவர்களின் பொழுதுபோக்கு" என்று சொன்னவரும் கிட்டத்தட்ட அதைத்தானே சொன்னார்?

இயற்கைவழி:
மருந்து மாத்திரை இல்லாமலே வீகனாக இருக்கலாம் நண்பர்களே. பி12 வைட்டமின் பழைய சோற்றுத் தண்ணீரிலும் சுருள்பாசியிலும் (ஸ்பைருலினா) ஏராளம். எலும்புக்குக் கேழ்வரகு, எள். பால் குடித்தா யானை பலமாக இருக்கிறது?

செவிலி73:
யானையை விடுங்கள். முப்பது வருடம் வார்டில் நின்றவள் சொல்கிறேன். இந்தப் பதிவைப் படித்துவிட்டு யாராவது மாத்திரையை நிறுத்தினால் பாவம்.

கேழ்வரகு சரிதான். நூறு கிராமில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து, பாலில் அதே அளவுக்குச் சுமார் 120. ஆனால் பி12 செடியில் இல்லை. அதைச் செய்வது நுண்ணுயிரி. சுருள்பாசியில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடம்புக்குப் பயன்படாத போலி வடிவம். நீராகாரம் குடலுக்கு நல்லது, குடியுங்கள், அதை நம்பி பி12ஐ விட்டுவிடாதீர்கள். ஒரு நாளைக்குத் தேவை சுமார் 2.4 மைக்ரோகிராம்தான். கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் இரண்டு மூன்று வருடம் ஒன்றும் தெரியாது. பிறகு பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், நாக்கு வழவழவென்று சிவந்துபோகும், மறதி வரும். சர்க்கரைதான் காரணம் என்று நினைத்துக் காலம் கடத்திவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும், அதுவும் பி12ஐக் குறைக்கும்.

"உடம்புக்கு நல்லது" என்று ஒரே வரியில் எழுதுவதும் பிடிக்கவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நீண்ட கால ஆய்வு ஒன்று உண்டு, சுமார் 65,000 பேர். சைவ உணவு சாப்பிடுகிறவர்களுக்கு மாரடைப்பு வகை இதய நோய் குறைவு என்று 2019இல் எழுதினார்கள், அதே கட்டுரையில் பக்கவாதம் கொஞ்சம் அதிகம் என்றும் இருந்தது. அடுத்த வருடம் வந்த கட்டுரையில் வீகன்களுக்கு எலும்பு முறிவு கறி உண்பவர்களைவிட 43 சதவீதம் அதிகம். அப்புறம் நம்மூர்ச் சைவச் சாப்பாடு: தட்டில் முக்கால் பங்கு வெள்ளைச் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல். பாலை எடுத்துவிட்டு அதே தட்டை வைத்துக்கொண்டால் சர்க்கரைதான் வரும். கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் டாக்டரிடம் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

நிலாச்சோறு, கடைசியாக எப்போது ரத்தம் கொடுத்துப் பார்த்தாய் கண்ணு?

நிலாச்சோறு:
மாட்டிக்கொண்டேன் அக்கா. இரண்டாவது வருடக் கடைசியில் பி12 148தான், குறைவு. மாத்திரையை வாங்கி வைத்துவிட்டு மறந்துபோயிருந்தேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, வேலைக் களைப்பு என்று நினைத்தேன். இங்கே இதுவரை சொல்லவில்லை, "பார்த்தாயா" என்று கிளம்பிவிடுவார்கள் என்ற பயம். இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் 2000 மைக்ரோகிராம் மாத்திரை. போன மாதம் 410.

சுக்கா_சுந்தரம்:
பார்த்தாயா!

மேட்டாங்காடு:
அவரை விடுங்கள் அம்மணி. தயிருக்கு என்ன செய்கிறீர்கள்? கொங்கு நாட்டில் தயிர் இல்லாமல் சோறு எப்படி முடியும்?

நிலாச்சோறு:
நிலக்கடலைத் தயிர் அண்ணா. ஒரு டம்ளர் பச்சைக் கடலையை ராத்திரி ஊறவைத்து, தோலை உருவிவிட்டு, நான்கு டம்ளர் தண்ணீர் சேர்த்து அரைத்து மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். அடுப்பில் வைத்துக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் அடிப்பிடித்துப் பொங்கிவிடும். வெதுவெதுப்பாக ஆறியதும் ஐந்தாறு பச்சை மிளகாயைக் காம்போடு போட்டு மூடி வையுங்கள். அந்தக் காம்புதான் உறை. எட்டுப் பத்து மணி நேரம் ஆகும். முதல் தடவை தண்ணியாக இருக்கும், அதில் ஒரு கரண்டி எடுத்து மறுநாள் உறை ஊற்றினால் கெட்டியாகும்.

மேட்டாங்காடு: (ஆறு நாள் கழித்து)
கடலை எங்கள் காட்டுக் கடலை, செலவில்லை. அம்மா வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "பச்சையாக ஆகாது, கடுகு தாளித்தால் இறங்கும்" என்றார். தாளித்துக் கொடுத்தோம், முழுக்கச் சாப்பிட்டார். அதற்காகக் கறவையை விற்றுவிடப்போவதில்லை, சொல்லிவிட்டேன்.

அந்தக் காளைக் கன்று இன்னும் கட்டுத்தறியில் நிற்கிறது. புரோக்கர் வந்தபோது அடுத்த செவ்வாய் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன். அதற்குத் தவிட்டுக்கும் புண்ணாக்குக்கும் யார் காசு தருவது என்று உங்களிடம் கேட்கச் சொல்கிறாள் என் சம்சாரம்.