‘போல்’ இருந்தும் உவமை அணி இல்லையா? மகளுக்கு அணிகளைப் பிரித்தறிய உதவி தேவை

மயூர் விகார் அம்மா:
அனைவருக்கும் வணக்கம். என் மகள் தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். அணிகளை அவள் முதலில் கற்றது இந்தி வகுப்பில்தான். அங்கே ‘சா, சீ, சே’ வந்தால் உபமா, ‘மானோ, ஜனு’ வந்தால் உத்பிரேக்ஷா என்று அடையாளச் சொல்லைக் கொண்டே கண்டுபிடித்துவிடுவாள். அதே பழக்கத்தில் தமிழிலும் ‘போல’ எங்கே என்று தேடுகிறாள்.

“போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி
வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட”

என்ற சிலப்பதிகார அடிகளுக்கு உவமை அணி என்று எழுதினாள். மதிப்பெண் கிடைக்கவில்லை. முதல் குறளில் ‘போல’ இல்லவே இல்லை. அதற்கு எடுத்துக்காட்டு உவமை என்கிறார்கள். ‘பிறவிப் பெருங்கடல்’ உருவகம் என்றால் சரி, அதென்ன ‘ஏகதேச’ உருவகம்? வரையறைகளைத் தடையில்லாமல் ஒப்பிக்கிறாள். புதிய பாட்டைக் கொடுத்தால் திணறுகிறாள். யாராவது வழிகாட்டுங்கள்.

முனிர்கா தமிழாசிரியர்:
அம்மா, குழந்தை ‘போல’வைத் தேடுவதை முதலில் நிறுத்தட்டும். பாட்டில் எந்த இரண்டு பொருள்கள் அருகருகே நிற்கின்றன, அவற்றில் எதைக் கவிஞர் வாய்விட்டுச் சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டார்? இதை மட்டும் கேட்கச் சொல்லுங்கள்.

“அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல” என்ற குறளில் நிலம் இருக்கிறது, இகழ்வாரைப் பொறுப்பவர் இருக்கிறார், இடையில் ‘போல’வும் இருக்கிறது. எல்லாம் வெளிப்படை, உவமை அணி. “அகர முதல எழுத்தெல்லாம்” என்பதில் எழுத்துக்கு அகரம் முதல் என்பது ஒரு வாக்கியம், உலகுக்கு ஆதிபகவன் முதல் என்பது இன்னொன்று. நடுவே ‘அதுபோல’ என்பதை நாம்தான் சேர்த்துப் படிக்கிறோம். எனவே எடுத்துக்காட்டு உவமை. இன்னும் ஒரு படி மேலே போனால், “பீலிபெய் சாகாடும் அச்சிறும்”: மயிலிறகே ஆனாலும் அளவுமீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பதோடு குறள் முடிந்துவிடுகிறது. எளிய பகைவர் பலர் ஒன்றுகூடினால் வலியவனும் வீழ்வான் என்ற கருத்தை வள்ளுவர் சொல்லவே இல்லை. அதிகாரம் வலியறிதல் என்பதால் நாம் உணர்ந்துகொள்கிறோம். இது பிறிது மொழிதல். எனக்கு மிகவும் பிடித்த அணி இதுதான். படிப்பவரை நம்பி எழுதப்படுவது.

உருவகத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். ‘மலர்முகம்’ என்றால் மலர் போன்ற முகம், உவமை. ‘முகமலர்’ என்றால் முகமே மலர், உருவகம். பத்தாவது குறளில் பிறவி கடலாயிற்று. அதைக் கடக்க உதவும் இறைவனடி தெப்பமாக்கப்படவில்லை. ஒன்றை மட்டும் உருவகம் செய்து, அதற்கு இணையானதை விட்டுவிட்டதால் ஏகதேச உருவகம்.

இப்போது கொடிக்கு வருவோம். கோட்டைக் கொடி எதற்கும் ஒப்பிடப்படவில்லை. காற்றில் அசைவது அதன் இயல்பு. இளங்கோவடிகளோ, மதுரையில் நேரப்போவதை அறிந்து ‘வராதீர்கள்’ என்று கோவலனையும் கண்ணகியையும் தடுக்கிறது என்று தம் குறிப்பை ஏற்றுகிறார். அதனால் தற்குறிப்பேற்ற அணி. அந்த ‘போல்’ இரு பொருள்களுக்கு நடுவே நிற்கவில்லை. கோவலனின் முடிவு தெரிந்தவர்களுக்கு இந்த அடி நெஞ்சை அறுக்கும். கதையைச் சொல்லிவிட்டு அணியைச் சொல்லிக்கொடுங்கள்.

கரோல் பாக் வாசகர்:
ஐயாவின் விளக்கம் அருமை. தேர்வை நினைத்து ஒன்று சேர்க்கிறேன். அணியின் பெயரோடு நிறுத்தாமல் உவமானம் (எதனோடு ஒப்பிடுகிறோமோ அது), உவமேயம் (ஒப்பிடப்படும் பொருள்), உவம உருபு (‘போல’ போன்ற சொல்) மூன்றையும் தனித்தனியே எடுத்தெழுதச் சொல்லுங்கள், சகோதரி. ஏதாவது ஒன்று எழுத வராவிட்டால், அணி என்ன என்று அங்கேயே தெரிந்துவிடும்.

மயூர் விகார் அம்மா:
இருவருக்கும் மிக்க நன்றி. கோவலன் கதையைச் சொன்னதும் அவளே ‘கொடிக்கு எப்படி அம்மா தெரியும்?’ என்று கேட்டாள். பிறகு விளக்கமே தேவைப்படவில்லை. ஒரு குறளில் மட்டும் நிற்கிறோம்.

“அன்பகத் தில்லா உயிர்வாழ்க்கை வன்பாற்கண்
வற்றல் மரந்தளிர்த் தற்று”

உருபு தெரியவில்லை, எனவே எடுத்துக்காட்டு உவமை என்கிறாள். சரிதானா ஐயா?

முனிர்கா தமிழாசிரியர்:
கடைசிச் சொல்லைப் பிரிக்கச் சொல்லுங்கள் அம்மா: தளிர்த்து + அற்று. ‘அற்று’ என்பதே உருபு. நன்னூல் போல, புரைய, ஒப்ப, உறழ என்று 12 உருபுகளைச் சொல்லிவிட்டு, ‘பிறவும்’ என்று கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. அடுத்து, பாலை நிலத்தில் பட்டமரம் தளிர்ப்பதுண்டா என்று அவளிடம் கேளுங்கள். உலகில் இல்லாத ஒன்றை உவமையாக்கியிருப்பதால் இது இல்பொருள் உவமை அணி. “தீயினாற் சுட்டபுண்” குறளை அடுத்து எடுத்துக்கொள்ளட்டும். அதில் இரண்டு பொருள்கள் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன என்று பார்த்து எழுதி இங்கே போடச் சொல்லுங்கள், திருத்தித் தருகிறேன்.